கணக்கில் வராத பெட்டி

திங்கட்கிழமை கதவு திறந்துதான் இருந்தது.
யாராலும் உள்ளே போக முடியவில்லை.
பூட்டிக்கிடந்தவை பெயர்கள்.
நெலிடாவின் பெயர், ஒவிடியோவின் பெயர்,
வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமான
பழைய மேலாளரின் பெயர்கூட.
ராத்திரி முழுக்க எதுவோ ஒன்று
ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்திருக்கிறது,
கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து.
நெலிடாவுடையதை ஊகிக்கக் கஷ்டமே இல்லை:
நண்டு, ஒன்று, இரண்டு, மூன்று.

புந்தா அரேனாஸ். ஜூலை.
வேலைக்கு வரும்போதும் இருட்டு,
வீட்டுக்குப் போகும்போதும் இருட்டு.
நீரிணையிலிருந்து வரும் காற்றில்
தகரக் கூரை பல்லைக் கடிக்கும்.
நண்டை உறையவைத்துக் கப்பலேற்றும் கம்பெனி,
பதினெட்டுக் கணினி,
அத்தனைக்கும் சேர்த்து நான் ஒருவன்.

'புழு' என்றேன்.
'நண்டிலா?' என்று பதறினார் முதலாளி.

ஒன்றைத் துடைத்துவிட்டு
அடுத்ததற்கு நாற்காலியை உருட்டுவதற்குள்
முதலாவது மறுபடி அழுக்கு.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே,
இங்கே தொட்டி முழுக்க அதே மீன்.
வானிலை திறக்கும். கால்பந்து திறக்கும்.
மருந்து இருக்கிற தளம் மட்டும்
'அப்படி ஒரு இடமே இல்லை' என்று
முகத்துக்கு நேரே பொய் சொல்லும்.
நகராட்சி நூலகம்வரை நடந்து போய்
மருந்தை ஒரு வட்டில் எழுதி
கோட்டுக்குள் கதகதப்பாக வைத்துக்கொண்டு திரும்பினேன்,
குஞ்சு பொரிக்கப் போகிறவன் மாதிரி.

பென் டிரைவ்களையெல்லாம் ஒரு காலி நண்டு டப்பாவில்
போடச் சொன்னேன். பதின்மூன்று விழுந்தன.
பென்குயின் வடிவத்தில் ஒன்று,
யாரோ மூடியைக் கடித்துக் கடித்துத் துப்பியது ஒன்று.
என்னிடம் கிடையவே கிடையாது என்ற முதலாளி
நாலு மணிக்குக் கழிவறை வாசலில்
கைக்குள் பொத்திக் கொடுத்தது பதினாலாவது.

புதன் ராத்திரி எல்லாரையும் அனுப்பிவிட்டு
ஸ்விட்சிலிருந்து கம்பிகளைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
ஒன்றோடொன்று பேச முடியாத பதினெட்டுக் கணினி,
சண்டை போட்ட குடும்பம் போல.
தனித்தனியாகத் துடைத்தேன், ஓட்டைகளை அடைத்தேன்,
நண்டில்லாத கடவுச்சொல் வைத்தேன்.
மூன்று மணிக்குக் கம்பிகளைத் திரும்பச் செருகினேன்.

பதினெட்டுக் கணினிக்குப் பத்தொன்பது கம்பி.
ஒன்று பிரிண்டருக்கு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பிரிண்டர் போன வருஷமே செத்துப் போயிருந்தது.

காப்பி ஆறுவதற்குள்
பதினோராம் துளையின் விளக்கு
துடிக்க ஆரம்பித்தது.
சும்மா இல்லை,
ஒவ்வொரு வாசலாக ஓடி ஓடித் தட்டுகிற துடிப்பு.

கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.
கூரைப் பலகைக்கு மேலே, அலமாரிக்குப் பின்னே,
எவனோ குளிர்கிடங்குப் பக்கம் போட்ட துவாரம் வழியே
போய், மனசு மாறித் திரும்பி,
கணக்குப் பிரிவில், யாஸ்னாவின் மேசைக்கடியில்
முடிந்தது.

திரையில்லாத ஒரு பெட்டி.
முன்னொரு காலத்தில் ஃபேக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது;
நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
நான் எண்ணியது திரைகளை.
அதன் முதுகில் மடித்துப் போட்ட கம்பளித் துண்டு,
துண்டில் இரண்டு குதிகால் பள்ளம்.
தொட்டுப் பார்த்தேன். சூடு.
உள்ளே விசிறி, வயசான நாய் போல,
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நாலு குளிர்காலம்
அவள் பாதங்களைக் காத்திருக்கிறது.
அணைக்கும் பொத்தானை
ஐந்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.
ஐந்து நொடி இவ்வளவு நீளம் என்று
எனக்குத் தெரியாது.

காலையில் யாஸ்னா வந்து உட்கார்ந்தாள்.
கணினி உடனே திறந்தது, பெயர் பூட்டவில்லை.
மேசைக்கு மேலே கைகள் தட்டச்சு செய்ய,
மேசைக்குக் கீழே கால்கள்
எதையோ தேடிக்கொண்டேயிருந்தன.
அவள் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் என் மேசைக்கு
ஒரு செலவுச் சீட்டு வந்தது,
அவளே எழுதி, அவளே கையெழுத்திட்டு:

கால் சூடேற்றி, ஒன்று.
காரணம்: புழு.