ஒரு விரற்கடை

கம்பி என்று சொல்வது பழக்கதோஷம்.
உள்ளே கண்ணாடி நார், மேலே மெல்லிய மரம்.
பிப்ரவரியில் மட்டும் அது இரும்பாகக் குளிர்கிறது.
வர்னாவின் இந்தக் கூடத்தில்
வெந்நீர்க் குழாய்கள் திங்கட்கிழமையே கைவிரித்துவிட்டன.
வாய் திறந்தால் புகை.
உள்ளங்கையில் தண்ணீர் தெளித்து, வெண்பொடி அப்பி,
என் முறைக்கு நிற்கிறேன்.

எனக்கு முன்னால் ஸோர்னிட்ஸா.
அவள் குதித்து இறங்கியதும்
உயரக் கம்பியில் மிஞ்சுவது இரண்டு வெள்ளைத் திட்டுகள்.
ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்
எந்தத் திட்டு யாருடையதென்று.
யோவ்காவின் பிடி நெருக்கம்,
கடன் வாங்கிய பையைக் காப்பவள் போல.
ரலிட்ஸாவினுடையது அகலம், வாசலை மறிப்பவள் போல.
ஸோர்னிட்ஸாவுக்குத் தோள் எவ்வளவோ பிடியும் அவ்வளவு,
மயிரிழை கூடாது, குறையாது.
என்னுடையது எது என்றுதான்
ஐந்து மாதமாகத் தெரியவில்லை.

செப்டம்பரில், பறந்துபோய்ப் பிடிக்கும் இடத்தில்
ஒரு கைக்குக் கம்பி கிடைத்தது.
இன்னொரு கைக்குக் காற்று.
இடது காறை எலும்பு.
தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றார் மருத்துவர்.
சேர்ந்தது,
பேச்சுவார்த்தை இல்லாத இருவர்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி,
ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப்
பென்சிலை வைத்து அளந்தார்.
ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு.
"கோட்டு போட்டால் யாருக்கும் தெரியாது."
நான் கோட்டு போட்டுக்கொண்டு ஆடுவதில்லை.

அகலப் பிடித்தால் உடம்பு தாழும்,
தலைகீழாய் நிற்கையில் உயரம் போய்விடும்.
குறுக்கிப் பிடித்தால் முழங்கை மடங்கப் பார்க்கும்,
திரும்பும்போது கைகள் ஒன்றையொன்று மிதிக்கும்.
இதெல்லாம் ஏழு வயதிலேயே தெரியும்.
தெரியும் என்பதுகூட இல்லை,
இருட்டில் சுவிட்சைத் தேடாத விரல் அது.
இப்போது வலது கை போய் உட்கார்ந்துவிடுகிறது.
இடது கை
கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவனைப் போல
எங்கே உட்கார்வதென்று முழிக்கிறது.

தாழ்ந்த பயிற்சிக் கம்பியில்
ப்லாமென் நீல டேப் ஒட்டித் தந்தார்.
நடுவிலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ
அந்தப் பக்கமும் அத்தனையே.
கடையில் தராசு பிடிப்பவரின் நேர்மை.
அந்த நீலத்தை மனதில் வைத்துக்கொண்டு
உயரக் கம்பிக்குப் போவேன்.
முதல் சுற்று சரி. இரண்டாவதும் சரி.
நாலாவதில் எதிர்ச்சுவர்க் கடிகாரம் ஒரு பக்கம் சாயும்.
ஆறாவதில் மெத்தை.

இன்று காலை ஸோர்னிட்ஸா
தூரிகையும் கையுமாக வந்து நின்றாள்.
அணியில் மீதமிருப்பது ஓர் இடம், நாங்கள் இருவர்.
ஆகவே அதிகம் பேசுவதில்லை.
"உன் பொடி என் பிடிக்குள் வருகிறது.
கட்டி கட்டியாக. தேய்த்துத் தேய்த்து மாளவில்லை."
எங்கே என்றேன்.
"இடது பக்கம். ஒரு விரற்கடை உள்ளே.
தினமும் அதே இடம்."
தினமுமா?
"ஒரு மாதமாக. அங்கே வைக்கிறாய்,
அப்புறம் எதையோ நினைத்து வெளியே நகர்த்துகிறாய்."

எரிச்சலில்தான் சொன்னாள்.
எனக்கு உதவ அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஏறினேன். வலது கை. இடது கை.
நகர்த்தவில்லை.
நகர்த்தச் சொல்லி நீலம் நச்சரித்தது, கேட்டுக்கொண்டேன்.
ஒரு தோள் குட்டை, ஒரு தோள் நெட்டை,
நடுவில் என் தலை எங்கேயோ.
முதல் சுற்று. இரண்டாவது. நாலாவது.
ஆறாவதிலும் கடிகாரம் நேராக நின்றது,
பதினொன்று இருபது.
ஏழாவதிலும் பதினொன்று இருபது.
எட்டாவதிலும்.

இறங்கிய பிறகுதான் பார்த்தேன்,
அதன் பேட்டரி தீர்ந்திருந்தது.

ஸோர்னிட்ஸா முனகிக்கொண்டே
மறுபடி தேய்க்கப் போனாள்.
இம்முறை தேய்க்க
அவளுக்கு இரண்டே திட்டுகள்.