கிளட்ச் கை

பகல் முழுக்க உழைப்பது இடக்கைதான்.
ஐந்து ரோட்டில் சிவப்பு விழுந்தால் பிடி,
பச்சை விழுந்தால் விடு,
விட்ட கையோடு மறுபடி பிடி.
முப்பத்தோரு பார்சல்.
ஒன்று அன்னதானப்பட்டியில், நாலாவது மாடி,
லிஃப்ட் ஓடவில்லை.
கீழே வருவதற்குள் அடுத்த ஆர்டர் கத்துகிறது.

பத்தேகால் மணிக்கு
அஸ்தம்பட்டியில் தீர்த்தகிரியின் செல்போன் கடை மாடியில்
அதே கையை ஸ்டிக் மேல் வைக்கிறேன்.
மாம்பழப் பெட்டிப் பலகையில் நானே செய்த ஸ்டிக்.
வழுக்காமலிருக்க அடியில் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியது.
பெருநெல்லி அளவில் கறுப்பு உருண்டை.
எட்டு பட்டனில் ஏழு கறுப்பு, ஒன்று மஞ்சள்,
வாங்கப் போன அன்று கறுப்பு தீர்ந்துபோயிருந்தது.

உருண்டையை நான் பிடிப்பதில்லை.
பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட்டின் காலரைப் பிடிப்பார்களே,
அப்படி.
மூன்றாவது ஆட்டத்தில்
கட்டைவிரல் மேட்டுக்குள் ஒரு தவளை துடிக்கத் தொடங்கும்.
ஐந்தாவதில் சுண்டுவிரல் என் பேச்சைக் கேட்காது.
குனி என்றால் என் ஆள் குதிப்பான்,
குதித்தவனை எதிராளி காற்றிலேயே பொரித்தெடுப்பான்.
முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை
மூடி திறக்கத் தீர்த்தகிரியிடம் நீட்டுவேன்.
"கையாடா அது?" என்பான்.
திறந்து தருவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டிலிருந்து ஜெனிட்டா வருவாள்.
கடைசி பஸ்ஸுக்குள் நாலு பேரையாவது தோற்கடித்துவிட்டுப் போவாள்.
அவளிடம் பதினொரு முறை தோற்ற பிறகுதான்
திரையை விட்டு அவள் கையைப் பார்த்தேன்.
தண்டு மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே.
உருண்டை உள்ளங்கையில் பட்டும் படாமலும்.
தோள் காதுவரை ஏறியிருக்கவில்லை.
கீழே, சாய்வு, முன்னே என்று சுற்றும்போது
இருபது கொண்டை ஊசியையும் தூக்கத்தில் கடப்பவள் போல
முகத்தில் ஒரு சலனமில்லை.
ஒரு ரவுண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நாலு நொடியில்
கையை எடுத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டு
ஈரம் உதறுவதுபோல் உதறினாள்.
நானோ அந்த நாலு நொடியும்
செத்துக் கிடக்கும் என் ஆளை எழுப்புகிறவன் மாதிரி
ஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று கேட்டேன்.
"வலிச்சா விட்ருவேன். அது எங்க ஓடப்போகுது?"
அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றிரவு பசி.
தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு.
இரண்டு தட்டுவடைக்கு நடுவே
பீட்ரூட், கேரட், காரச் சட்னி, பச்சைச் சட்னி.
அழுத்தினால் நொறுங்கிச் சட்டையெல்லாம் சிவப்பு.
தளர்த்தினால் நழுவி வண்டிச் சக்கரத்தடியில்.
வாய்க்குப் போகும்வரை என் விரல்கள்
என்னைக் கேட்காமலேயே ஒரு கணக்குப் போட்டன.
மூன்று தின்றேன்.
நாலாவதைத் தின்னாமல்
பிடித்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வண்டிக்காரருக்கு முகம் வாடிவிட்டது.
"காரம் தூக்கலா தம்பி?"

மறுநாள் ஐந்து ரோட்டுச் சிவப்பில்
வண்டியை நியூட்ரலில் போட்டேன்.
தொண்ணூறு நொடி.
இடக்கை தொடைமேல் சும்மா கிடந்தது,
வேலை போனவன் மாதிரி
கொஞ்சம் கூச்சத்தோடு.

அடுத்த ஞாயிறு.
முதல் ரவுண்டு எனக்கு. தவளை தூங்கிக்கொண்டிருந்தது.
இரண்டாவது அவளுக்கு.
மூன்றாவதில் இருவருக்கும் உயிர்க்கோடு நூலிழை மிச்சம்.
பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.
அங்கேதான்
கைக்குப் பழைய புத்தி வந்தது.
நெரித்தேன்.
குனி என்றேன்.
குதித்தான்.

பன்னிரண்டு.
ஜெனிட்டா பையை மாட்டிக்கொண்டு படியில் ஓடுகிறாள்.
பழக்கத்தில் பாட்டிலைத் தீர்த்தகிரியிடம் நீட்டினேன்.
வாங்கியவன் எரிச்சலோடு திருப்பித் தந்தான்.
"தெறந்துதானடா இருக்கு."