அறுபத்தேழு

காலை எட்டரைக்குத்தான் திறப்பார்கள்.
எட்டு இருபத்தொன்பதுக்கே அழைத்துவிடுவேன்.
ஆங்கிலத்துக்கு ஒன்று, சீனத்துக்கு இரண்டு,
மலாய்க்கு மூன்று என்று சொல்லிக்கொண்டே போய்
கடைசியில் வரும் என் மொழி.
நான்கை அழுத்தினால்
தமிழ் தெரிந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார்.
ஒன்றை அழுத்தி
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிள்ளையைச் சொல்கிறேன்.
அந்த ஆங்கிலத்தில் அவன்
இன்னும் கொஞ்சம் குறைந்துபோகிறான்.

இரவெல்லாம் பாசிர் பாஞ்சாங்கில்
பாரந்தூக்கியின் உச்சியில் உட்கார்ந்து
பெட்டிகளை அடுக்குபவன் நான்.
ராட்டர்டாம் பெட்டி, சிட்டகாங் பெட்டி.
எந்தப் பெட்டிக்கும் இடமில்லை என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.
ஒன்று நாற்பது நிமிடம் பிந்தினால்
மூன்று பேர் விசாரிப்பார்கள்.

செவ்வேளுக்குப் பதினெட்டு ஆனதும்
பள்ளி ஒரு கேக்கையும் ஒரு கோப்பையும் கொடுத்து
கைகுலுக்கி அனுப்பியது.
கோப்பில் ஒன்பது இடங்களின் பெயர்கள்.
ஈசூனில், இருபது நிமிடம் அசையாமல் உட்காருவாரா?
பிடோக்கில், சத்தம் போடுவாரா?
அவர், அவர் என்று
மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

படிவத்தில் கட்டங்கள்.
தானே குளிப்பாரா, தானே உடுத்துவாரா,
தானே உண்பாரா.
முந்நூறு பேருந்துத் தடங்களை
நிறுத்தம் பிசகாமல் ஒப்பிப்பதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பிறகு அழித்தேன்,
திறமை கூடிப்போய்விட்டது என்று
இடம் மறுத்துவிடுவார்களோ என்று.

மூன்று மாதம்தான் என்று
வேலையை விட்டு நின்றாள் பரிமளா.
இது பதினான்காம் மாதம்.
அலுவலக அட்டை
கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது,
அதில் அவளுக்கு வேறு சிகை.

இன்று எடுத்தவள் பெயர் நூர்லைலா.
அவசரப்படுத்தவில்லை. பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாள்.
விசைகள் தட்டும் ஓசை. மௌனம்.
வரிசையில் அறுபத்தேழு, என்றாள்.

போன மார்ச்சில் எழுபத்தொன்று.
நான்கு பேர் நகர்ந்திருக்கிறார்கள்.
அவர்களுக்கு இடம் கிடைத்ததா, இல்லை வேறு ஏதாவதா
என்று நான் கேட்கவில்லை.

வைத்துவிடாதீர்கள் என்றாள் அவளே.
சனிக்கிழமைகளில் சில பெற்றோர் கூடுகிறார்கள்,
புக்கிட் பாத்தோக்கில், ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்.
பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.
படிவம்? என்றேன்.
படிவம் கிடையாது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
காகிதமெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

அறுபத்தேழு என்று முணுமுணுத்திருக்கிறேன் போலும்.
செவ்வேள் காதுமூடியைக் கழற்றினான்.
சுவா சூ காங் முதல் தெம்பனிஸ் வரை, என்றான்.
இரண்டு கைகளையும் உதறிக் குதித்தான்,
கீழ்வீட்டுக்காரர் புகார் செய்யும் அந்தக் குதி.
காலணியைத் தானே மாட்டிக்கொண்டான்
(இதற்குக் கட்டம் உண்டு, குறியிட்டிருக்கிறேன்).

நான் தூங்கி இருபது மணி நேரம் ஆகியிருந்தது.
மின்தூக்கியில் இறங்கி
நிறுத்தத்தில் போய் நின்றோம், போவதற்கு எங்கும் இல்லாமல்.
கைபேசியைப் பார்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:
அறுபத்தேழு வருதுப்பா.
ஆறு நிமிஷம்.