தலைகீழ்த் தூக்கு

மூன்று நாள் தேடினேன் அந்தத் தூக்கை.
தயிர் உறை ஊற்றுகிற தூக்கு.
அடுக்களை, மாட்டுக்கொட்டகை, பரண்.
பக்கத்து வீட்டு வாசலில் நின்று
சும்மா வந்த மாதிரி உள்ளே எட்டியும் பார்த்தேன்.
நாலாம் நாள் காலை பனி விலகியபோது
பிக்கப்பின் தலைக்குப் பக்கத்தில் பளபளத்தது,
கவிழ்த்து வைத்தபடி.

"காத்து பத்தல" என்றார் வேலப்பன்.
மன்னவனூரில் ஏற்றுகிற பூண்டு மூட்டை
பூம்பாறை ஏற்றத்தில் முக்குகிறதாம்.
பின்னால் வருகிறவன் கண்ணில் கரும்புகை.
வத்தலக்குண்டில் ஒரு மூச்சில் கிடைப்பது
இங்கே ஒன்றேகால் மூச்சுக்குத்தான் கிடைக்கும்,
அதையும் பானெட்டுக்கு உள்ளேயே இழுத்தால்
கொதிக்கிற ரசத்தை ஒரே மடக்கில்
குடிக்கச் சொல்கிற மாதிரி என்றார்.

கக்கூஸ் கட்டியதில் மிஞ்சிய
மூன்றங்குலப் பைப்பு.
மைதீன் பட்டறையில் கழித்துப்போட்ட லாரி ஹோஸ்,
முழங்கை மாதிரி மடங்கியது.
இரண்டு கிளிப்பு.
கரண்ட் இருந்த ஒரு மணி நேரத்தில்
பக்கத் தகட்டில் ஓட்டை.
கண்ணாடி ஓரமாய் மேலே ஏறிய பைப்பின் வாயில்
கொசுவலைத் துண்டு.
அதற்கும் மேல், மழைக்கு, என் தூக்கு.
நாலு பட்டை கொடுத்து எம்-சீல் பிசைந்து ஒட்டியிருக்கிறார்.
சப்பாத்தி மாவை ஒருநாளும் தொடாத கை.

அந்தத் தூக்கில் என் பெயர் இருக்கிறது.
சி. திலகராணி. கீழே தேதி.
பழனிப் பாத்திரக்கடையில் ஒரு பையன்
டிர்ர்ரென்று வெட்டிக் கொடுத்தது.
கடைசி எழுத்தில் கை சறுக்கி
ணியின் சுழி கைப்பிடி வரைக்கும் போயிருக்கும்.
இப்போது அந்தப் பெயர் தலைகீழாக
வாரம் மூன்று நாள்
வடுகபட்டிச் சந்தைக்குப் போய் வருகிறது.
நான் போனதில்லை.

டீசல் கணக்கு என் நோட்டில்தான்.
முன்பு லிட்டருக்குப் பதினொன்று புள்ளி மூன்று.
இப்போது பதினொன்று புள்ளி நான்கு.
"பாத்தியா" என்றார்.
அந்தப் புள்ளி ஒன்று
இறக்கத்தில் நியூட்ரலில் விட்டதாக இருக்கலாம்.
பங்க்காரன் அன்றைக்கு நல்லவனாக இருந்திருக்கலாம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் குடத்தையும் எடுத்துப் போவார்.

கிளீனர் செந்தட்டிக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி
துணைக்கு ஏறினேன்.
இடப்பக்க ஜன்னல். காதுக்கு ஒரு சாண் தள்ளி
என் தூக்கு.
ஏற்றம் தொடங்கியதும் அது பேச ஆரம்பித்தது.
விசில் இல்லை, இரைச்சலும் இல்லை.
அண்ணாந்து குடிக்கப் பழகாத யாரோ
வாய்வைத்து உறிஞ்சுகிற சத்தம்,
விடாமல்,
வளைவுக்கு வளைவு தாகம் கூடி.

மூன்றாவது கியர் விழவில்லை.
விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஒரு வளைவில் காட்டுமாடு நின்றது.
ஹெட்லைட்டைத் தணித்தார்.
ஒதுங்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை அது.
மூக்கிலிருந்து புகை புகையாய் விட்டுக்கொண்டு
பைப்பு இருக்கிற பக்கமே பார்த்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
அதுவும் வண்டியும்
ஒரே பனியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தன.
நான் இழுத்தேனா என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பில்டரைக் கழற்றிப்
படிக்கல்லில் தட்டினார்.
பூண்டுத்தோல், சீகைப்பூவின் மஞ்சள் தூள்,
பாதி விட்டில்,
கீழ்நாட்டுச் செம்புழுதி ஒரு கரண்டி.
அதை ஊதிப் பார்த்தேன். சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

புதுத் தூக்கு வாங்கி வந்திருக்கிறார். பெயர் வெட்டவில்லை.
"இதை மேலே மாட்டிட்டு என்னோடதைக் குடுங்க" என்றேன்.
எம்-சீல் பிடித்துவிட்டதாம், கழற்றினால் பைப்பே உடையுமாம்.
பெயரில்லாத தூக்கில் தயிர் உறைகிறது.
குற்றம் சொல்ல முடியாது, நன்றாகத்தான் உறைகிறது.

செக்போஸ்டில் ஒருவர்
கழுத்தைத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டினாராம்.
"யாருய்யா திலகராணி?"

"வண்டி பேரு சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் வேலப்பன்.
நான் சபீனா எடுத்துக்கொண்டு
ஸ்டூலைத் தேடப் போனேன்.