ஒன்றரை அங்குலம்

முசஃபா. ஐந்தாம் மாடி. காலை ஆறு.
வெளியே அதற்குள் முப்பத்தெட்டு டிகிரி.

வெள்ளைபட்டால் எலும்பு உருகுதென்று
பதினைந்து வயதில் வெந்தயம் விழுங்கியவள் நான்.
லேபில் கூட வேலைபார்க்கும் ரோவேனா
வாயில் சோற்றோடு சொன்னாள்:
நிறமில்லாமல் வழுக்கினால்,
விரலிடையில் அறுபடாமல் நீண்டால்
நோயில்லையடி,
கருமுட்டை கிளம்புகிற நேரம்.

இன்று நீள்கிறது.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
ஓர் அங்குலம், ஒன்றரை.
ஜன்னல் வெளிச்சம் அதில் ஏறி நிற்கிறது.
வாடையில்லை, அரிப்பில்லை.
இத்தனை வருடம் திட்டிக்கொண்டே அலசியது
இதைத்தானா?

கிளிட்டஸ் கடலில், எண்ணெய் மேடையில்.
ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
எனக்கோ தப்பாமல் இருபத்தெட்டு நாள்.
கூட்டிப் பார்த்தேன்,
கழித்தும் பார்த்தேன்:
அவன் பெட்டியோடு இறங்குகிறபோதெல்லாம்
இது பசையாகி, காய்ந்து,
நான் நாப்கின் வாங்கக் கிளம்பியிருப்பேன்.
மலடு என்கிறார்கள் ஊரில்.
கம்பெனி ரோஸ்டரை யாரும் கேட்பதில்லை.

"இன்னைக்கு" என்று
ஒரு சொல் மட்டும் அனுப்பினேன்.
ஒற்றை டிக்.

கைகழுவி முட்டை உடைத்தேன்.
வெண்கரு
ஓட்டை விட்டு இறங்காமல்
தொங்கிக்கொண்டே இருந்தது.
கேஸை அணைத்துவிட்டு
ரோஸ்டர் போடுகிறவனின் நம்பரைத் தேடினேன்.