தொண்ணூற்றாறு கட்டங்கள்

நாளைய காற்றை இன்றைக்கே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.
கால் மணிக்கு ஒன்றாகத் தொண்ணூற்றாறு கட்டம்,
ஒவ்வொன்றிலும் இத்தனை மெகாவாட் என்று
மளிகைக் கடையில் தவணை சொல்வதுபோல.

கொஞ்சம் பிசகினால் விட்டுவிடுவார்கள்.
மீறினால் அபராதம்.
அபராதம் வந்த மாதம்
திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்:
"ஏனுங் அம்மணி, ஆடியில காத்தடிக்கும்னு
எங்கூட்டு மாட்டுக்கே தெரியுமுங்களே."
தெரியும்தான்.
மாட்டுக்கு ஆடி தெரியும்,
பதினொன்றே முக்கால் தெரியாது.

பூளவாடியில் இருபத்துமூன்றாம் எண் காற்றாலை
இரண்டு நாளாக நிற்கிறது.
சென்னியப்பன் ஏற வேண்டும், எண்பது மீட்டர்.
காற்று தணிந்தால்தான் ஏறலாம்.
நான்தான் நேரம் குறித்துக் கொடுத்தேன்:
நாற்பத்தைந்தாம் கட்டம் முதல் ஐம்பத்திரண்டு வரை மந்தம்,
பதினொன்றிலிருந்து ஒரு மணி.
மூன்று மாடலும் அதையே சொல்லின.
மூன்றும் ஒன்றாகத் தப்பாகும் என்பதை
யாரும் எனக்குப் பாடத்தில் வைக்கவில்லை.

பதினொன்று பத்துக்கு
கோவிந்தாபுரத்துக் கம்பத்தில் எண் துள்ளியது.
ஆறு. ஒன்பது. பதிமூன்று.
கணவாயில் நுழைந்த காற்று
பொள்ளாச்சித் தென்னைகளைக் கலைத்துவிட்டு
பூளவாடி வந்துசேர ஒரு மணி நேரம்.
ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. எடுக்கவில்லை.
மறுபடி அடித்தது.
கீழே நின்ற பையன்
என் சொல்லை வாக்கிடாக்கியில் மேலே அனுப்பினான்.
பதில் கரகரவென்று வந்தது:
"ஒரு நட்டு பாக்கியுங்."
விட்டுட்டு இறங்கச் சொல்லு.
"ஒண்ணே ஒண்ணுதானுங்."
இறங்கச் சொல்லு தம்பி.

பிறகு கம்பத்தின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓர் ஆள் ஏணியில் எத்தனையாவது படியில் இருக்கிறான்
என்பதற்குக் கட்டம் கிடையாது.

பன்னிரண்டு ஐந்துக்கு வந்தது காற்று.
குடிமங்கலம் சாலை நெடுக
ஒவ்வொன்றாக மேற்கே முகம் திருப்பின.
எழுதிக் கொடுத்தது ஒன்பது மெகாவாட்,
வந்தது முப்பத்தொன்று.
இந்த மாதமும் பனியன்காரர் கூப்பிடுவார்.

பொழுதோட சென்னியப்பன் பேசினார்.
திட்டுவார் என்றுதான் எடுத்தேன்.
"தப்பாச் சொன்னாலும் நேரத்தோட சொல்லீட்டீங்.
நட்டு அப்படியே கெடக்குது.
நாளைக்கு எப்பங் காத்து நிக்கும்?"

நாளைய பக்கத்தைத் திறந்தேன்.
நாற்பத்தைந்தில் ஓர் எண் அடித்து, அழித்து,
மறுபடி அதையே அடித்தேன்.

மொட்டை மாடியில் காயும் என் சேலைக்கு
எப்போதும்போல நான்கு கிளிப்.