வீரைமலைக்குப் போகிறவர்களுக்கு

மூன்றாம் அணிக்கு,
கேட்டீர்கள், எழுதித் தருகிறேன்.
வாயால் சொன்னால் கொன்சி இடையில் புகுந்து
கரடியை இரண்டாக்கிவிடுவாள்.

உயரம் நூற்றி முப்பது மீற்றர் என்கிறது வரைபடம்.
இதெல்லாம் ஒரு மலையா என்று புஷ்பலீலா சிரித்தாள்.
எழுபத்தேழில் அற்றனிலிருந்து லொறியில் வந்து
கிளிநொச்சியில் இறங்கிய குடும்பம் அவளுடையது.
ஒரு மலையையும் அவள் நேரில் கண்டதில்லை,
சிரிக்கிற உரிமை மட்டும் பரம்பரையாய் வந்தது.
பாதியில் மூச்சு வாங்கியதும் அவளுக்குத்தான்.

மார்கழியில் போகாதீர்கள், வான் பாயும்.
ஆனியும் வேண்டாம், பாலைப்பழக் காலம்.
பழத்துக்குக் கரடியும் வரும்,
அது வரிசையில் நிற்காது.
மாசி நல்லது. குளத்தில் தண்ணீர் இருக்கும்,
யானை தன்பாட்டில் உள்ளே நிற்கும்
என்றுதான் சொல்லுகிறார்கள்.
நாங்கள் கண்ட இலத்தியில் ஆவி பறந்தது.

ஐந்தரைக்கு நெடுங்கேணிச் சந்தி.
மோட்டார் சைக்கிள்களைக் குளக்கட்டின் கடைசி வீட்டில் விடலாம்.
இரத்தினவடிவேல் காசு வாங்கமாட்டார்,
எந்தப் பக்கம் போறியள் என்று மூன்று தரம் கேட்பார்.
மூன்று தரமும் ஒரே பதிலைச் சொல்லுங்கள்.

வானைக் கடக்கையில் முழங்கால் தண்ணீர், அடியில் பாசி.
சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் போடுங்கள்.
அப்பால் ஒரு மாட்டுத்தடம்,
முதிரை மரத்தடியில் இரண்டாகப் பிரியும்.
இடதுபக்கம் அகலம், நிழல், அழகு:
மரம் கடத்துகிறவர்கள் போட்டது.
வலதுபக்கம் போங்கள்.
சூரைமுள் கிழிக்கும், முழுக்கைச் சட்டை.
உண்ணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி, எழுதுவதா விடுவதா என்று யோசித்த இடம்.

காட்டுக்குள் நூறு யார் போயிருக்கமாட்டோம்,
திரும்பிப் பார்த்தேன்.
ஆறு பேரும் என் அடிக்கு மேல் அடிவைத்து
ஒற்றை நூலாக வந்துகொண்டிருந்தார்கள்.
ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.
ஒரு மீற்றர் அகலத்துக்குள்
பதினொரு வருசம் முழங்காலில் நகர்ந்தவர்கள்.
சிவப்புத் தலைக் கட்டை எங்கே என்று
என் கண்ணும் மரத்தடிகளில் தேடியது.
சண்டை அந்தப் பக்கம் போகவேயில்லை.
பதிவேட்டை நானே பார்த்தேன்,
சனிக்கிழமை ஒரு தரம், இரவு இன்னொரு தரம்.

பிறகு தர்மிகாவுக்கு ஒண்டுக்கு வந்தது.
பாதையிலேயே இருக்கிறன், எல்லாரும் அங்காலை பாருங்கோ என்றாள்.
பார்த்தோம்.
அவளுக்கு வரவில்லை.
எழும்பி, இங்கே எழுதமுடியாத ஒரு சொல்லைச் சொல்லி,
இடதுபக்கப் பற்றைக்குள் நேரே நடந்தாள்.
நாங்கள் அவள் அடிகளை எண்ணினோம்.
பன்னிரண்டில் ஆள் மறைந்தாள்.
சருகில் தண்ணீர் விழுகிற சத்தம்.
உலகத்தில் வேறெங்கும் அந்தச் சத்தத்தை
ஆறு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கமாட்டார்கள்.

உச்சி மொட்டைப்பாறை, எட்டரைக்கே சுடும்.
குளங்கள் ஏழு எண்ணினோம், கொன்சிக்கு ஒன்பது.
எங்கள் வேலைத்தலத்து நீலக் கூடாரம்
நகத்தில் பட்ட மைத்துளி.
நாளைக்கு நாலு சதுர மீற்றர்படி
கண்ணுக்குத் தெரிகிற அவ்வளவையும் தேட
எத்தனை வருசம் என்று புஷ்பலீலா கணக்குத் தொடங்கினாள்.
ரொட்டியைக் கையில் திணித்து நிறுத்தினோம்.
சம்பல் உறைப்புக் காணாது.

இறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் இறங்கினோம்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கீழே வந்து ஒருவரையொருவர் தேட முக்கால் மணித்தியாலம்,
உங்கள் நேரக்கணக்கில் இதைச் சேருங்கள்.
தண்ணீர் ஆளுக்கு மூன்று போத்தல்.

ஒரு விசில் கட்டாயம்.
வேலைத்தல விசிலைக் கொண்டுபோகாதீர்கள்.
கொன்சி அதைத்தான் ஊதினாள்,
காட்டுக்குள் ஏழு இடங்களில்
ஏழு பேரும், ஊதிய அவளும்தான்,
தூக்கிய காலோடு அப்படியே நின்றோம்.